பிரதம விருந்தினரின் கதிரை

ரொறன்ரோவின் வோபர்ன் அடுக்குமாடியை விட்டு அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு காலத்தில் சம்பளத்துக்குப் பந்தடித்தவர் என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் ரீவியில் கோல் விழுந்தால் இந்தப் பக்கம் எங்கள் சாமிப்படம் அதிரும். உயரமான மனிதர், சிவந்த மூக்கு, இரண்டு முழங்காலும் சரியாக மடங்காது. முதல் பனிக்காலத்தில் நாங்கள் எழும்புவதற்கு முன்பே சவளால் எங்கள் வாசல் பனியையும் சேர்த்து வழித்துவிட்டிருந்தார். நன்றிக்கு நான் மட்டன் றோல்ஸ் கொடுத்தேன். அதற்குப் பிறகு பனி கொட்டாத நாளிலும் அந்த மனிதர் சவளோடு வந்து நின்றார்.

வேலிப் பேச்சில்தான் கதை வெளியே வந்தது. அயர்லாந்தில் ஒரு கடற்கரை ஊர். முன்னுக்கு நின்று கோல் அடிக்கிறவர். மீசை அரும்பும் வயதில் இங்கிலாந்துக்குப் போனவர், பிறகு ஸ்கொட்லாந்து, கிரேக்கம், சைப்பிரஸ், ஹொங்கொங், அவுஸ்திரேலியா என்று அலைந்து, கடைசியில் ரொறன்ரோவில் ஒரு சின்னக் கிளப்புக்கு ஆட வந்த இடத்தில் முழங்கால் போய், இங்கேயே தங்கிவிட்டார். பெரிய பெயர் எடுத்தவரா என்று என் கணவர் கேட்டார். இவருக்கு எதையும் நேரே கேட்டால்தான் தண்ணி இறங்கும்.

"என்னைத் தெரிஞ்ச ஆக்கள் ஒவ்வொரு ஊரிலையும் ஒரு பஸ் நிறைய இருக்கினம்," என்றார் அவர். "மைதானம் நிறைய ஒரு ஊரிலையும் இல்லை."

அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். அதிலும் பாதி எனக்கு விளங்காத அயர்லாந்து ஆங்கிலம். ஆனால் இப்போது நினைத்தால் எல்லாம் எங்கள் தமிழில்தான் காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய மனைவியை நான் மனதுக்குள் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே பயணத்தை அந்த வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். அவருக்கு ஒவ்வொரு ஊரும் ஒரு கோல். மழையில் அடித்தது, காயத்தோடு அடித்தது, நடுவர் பிழையாகக் கழித்தது. அக்காவுக்கு ஒவ்வொரு ஊரும் ஒரு வாடகை வீடு. சுவர் கசிந்த வீடு, மகள் நடை பழகிய வீடு, திரைச்சீலை தைத்து மாட்டிய கிழமையே காலி செய்த வீடு. கிளப் அவரை இன்னொரு கிளப்புக்கு விற்றுவிட்டால் ஒரு பையோடு அடுத்த நாளே போய்விடுவாராம். ஹோட்டல் அறையில் அவர் இருக்க, அக்கா சாமான் கட்டி, வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்து, குழந்தையையும் தூக்கிக்கொண்டு லொறிக்குப் பின்னால் போய்ச் சேர்வார். எல்லா ஊருக்கும் அப்படித்தான்.

"நல்லா விளையாடினால் ஏன் விக்கிறாங்கள்?" என்று நான் கேட்டேன். பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"இவரை வாங்கின மனேஜரைத் துரத்திப்போட்டுப் புதுசா ஒருத்தரைக் கொண்டுவருவினம். புதுசா வந்தவருக்கு இவரைப் பிடிக்காது. முதல் ஆட விடாமல் ஓரத்து வாங்கிலை இருத்துவினம். வாங்கிலை இருத்திட்டினம் எண்டால் நான் பெட்டியை இறக்கித் தூசி தட்டத் தொடங்கிடுவன்." அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மற்றவர்கள் ஆட, தான் உடுப்பும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு ஓரத்து வாங்கில் காத்திருப்பதைப் போல அவர் வெறுத்தது வேறொன்றும் இல்லையாம்.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் திறப்பு, பிறகு எங்கள் பெயர்கள், பிறகு இது என்ன நாடு என்பது. பந்தைத் தலையால் அடித்து அடித்துத்தான் இப்படி வந்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னதாக அக்கா சொன்னார். "சனம் கைதட்டினதெல்லாம் அந்தத் தலைக்குத்தான்," என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

விடியற்காலையில் பையோடு வாசலில் வந்து நிற்பார். பைக்குள் ஒரு துவாயும் சவரக் கத்தியும் இருக்கும். என்னைக் கண்டால், "கிளப்பிலை இருந்து கார் வந்திட்டுதோ?" என்று மரியாதையாகக் கேட்பார். அக்கா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவார். ஒருநாள் குளியலறையில் அவர் விழ, தூக்கப் போன அக்காவும் சேர்ந்து விழுந்து இடுப்பு எலும்பில் அடிபட்டது. மகள் அவுஸ்திரேலியாவில். போனில் அழத்தான் அவளால் முடிந்தது. முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். நெடுநாள் காத்திருந்தபின் ஒரு கோடைகால வியாழக்கிழமை போன் வந்தது. இடம் இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டுவந்து விட வேண்டும், வேண்டாம் என்றால் திரும்பவும் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும்.

அக்கா எங்கள் குசினிக் கதிரையில் வந்து இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை தொடவில்லை. "திங்கட்கிழமை எண்டு அவருக்கு எப்படிச் சொல்லுறது? சொன்னாலும் மறந்திடுவார். மறந்தபிறகு இன்னொருக்கால் சொல்ல என்னாலை ஏலாது. அதுக்கு முதல் ஒரு நாள், ஒரேயொரு நாள், அவர் சந்தோசமா இருந்தால் காணும்."

இதை என் கணவர் கேட்டுக்கொண்டு நின்றார். அங்கேதான் சனி பிடித்தது.

இவர் எங்கள் ஊர்ச் சனம் இங்கே நடத்துகிற விளையாட்டுக் கழகத்தின் தலைவர். மைக்கைக் கண்டால் இவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். அந்தச் சனிக்கிழமை ஸ்காபரோவில் எங்கள் கழகத்தின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. எங்கள் ஆட்கள் எதைச் செய்தாலும் பிரதம விருந்தினர் ஒருவர் வேண்டும். வருஷா வருஷம் வீடு விற்கிற ஒருவர் வந்து, மாலை வாங்கி, தன் விளம்பரத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போவார்.

"இஞ்சாரும், உண்மையான பந்துக்காரன் எங்கடை சுவரோடை இருக்கேக்கை நாங்கள் ஏன் வீட்டுத் தரகரைக் கூப்பிடுறம்?" என்றார் இவர். "மனுசனுக்குப் பந்தின்ரை சத்தம் கேட்டாலே முகம் மலரும்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அக்காவின் முகம் அந்தக் கிழமையில் முதல்தடவையாக வெளித்தது.

சனிக்கிழமை அவரே சவரம் செய்துகொண்டார். மைதானத்தில் இறங்கியதும் புல் மணத்துக்கு நின்று மூச்சை இழுத்தார். ஒவ்வொரு ஊர்க் கழகத்துக்கும் ஒரு கூடாரம், ஒலிபெருக்கியில் யாரோ காரை எடுக்கச் சொல்லிக் கத்துகிறார்கள், கொத்துரொட்டிக் கல் தாளம் போடுகிறது. காற்றில் மங்கல விளக்கு பற்றவில்லை. கடைசியில் கற்பூரம் வைத்து ஒருமாதிரி ஏற்றினார்கள். அவருக்கு மாலை போட்டார்கள். பிறகு எங்கள் கழகத்தின் நீல ஜேர்சி ஒன்றை இவர் அன்பளிப்பாகக் கொடுத்தார். அவர் அதை விரித்து, முதுகில் இருந்த இலக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்த இடத்திலேயே சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டார். சனம் கைதட்டியது. இறுதிப் போட்டிக்கு இறங்கிய இரண்டு அணிப் பெடியன்களுக்கும் வரிசையாகக் கைகொடுத்தார். ஒவ்வொருவனின் கண்ணையும் பார்த்து, தோளில் தட்டி, ஏதோ சொன்னார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாரும், ஆள் நிமிந்து நடக்கிறார்," என்றார்.

அதற்குப் பிறகு, எங்கள் வழக்கப்படி, அவரைக் கொண்டுபோய் இருத்தினார்கள்.

பெரிய மனிதரை நாங்கள் கௌரவிக்கிற விதம் அதுதானே. கூடாரத்துக்குள் நடுவில், வெள்ளைத் துணி போர்த்த பெரிய கதிரை, பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல். இருத்தினால் எழும்ப விடமாட்டோம். அவர் சாய்ந்து இருக்கவில்லை. நுனியில் இருந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். மடித்துப் பக்கத்தில் வைத்தார். நடுவர் விசில் ஊதி ஆட்டம் நின்ற நேரமெல்லாம் எழும்பிக் காலுறையை இழுத்துவிட்டார். கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார். மரியாதைக்கு எழும்புகிறார் என்று நினைத்து என் கணவர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து, "இருங்கோ சேர், இருங்கோ," என்று அமத்தினார். அவர் இருந்தார். சொல்லுக்குக் கீழ்ப்படிகிற பிள்ளையைப் போல இருந்தார்.

நான் தட்டில் றோல்ஸும் வடையும் கொண்டுபோனேன். என் றோல்ஸை வேண்டாம் என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான். "இறங்கிறதுக்கு முதல் சாப்பிடக்கூடாது," என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கியது. பக்கத்தில் நின்றவர் தட்டை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "வாங்கிலை இருத்தி வைச்சிருக்கிறியள்," என்றார் மெதுவாக. "புதுக் கிளப் எண்டு நினைக்கிறார். ஜேர்சியைக் குடுத்து, எல்லாரோடையும் கைகுடுக்க வைச்சு, கொண்டுவந்து வாங்கிலை இருத்திப்போட்டியள்."

நான் ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். மைக் கையில் இருந்ததால் இவருக்குக் காது கேட்கவில்லை. பரிசளிப்புக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று செயலாளரோடு சண்டை வேறு. நான் மைக்கைப் பறித்து இன்னொருக்கால் சொல்லும்போது கடைசி விசில் ஊதிவிட்டது. எதிர்க்கூடாரத்தில் பறை முழங்கியது. எங்கள் கழகம் தோற்றுப்போயிருந்தது. அதை யாரும் கவனித்ததாக எனக்கு நினைவில்லை.

என் கணவருக்கு விஷயம் ஏறியதும் முகம் செத்துவிட்டது. ஒரு பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மைதானத்தில் வலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "அதை விடுங்கோ, ரெண்டு நிமிசம் விடுங்கோ," என்று கத்தினார். பந்தை அவருடைய காலடியில் வைத்து, "சேர், வாங்கோ, ஒரு கோல் அடியுங்கோ," என்று கும்பிடாத குறையாகக் கேட்டார்.

அவர் பந்தைப் பார்த்தார். காலால் தொடவில்லை. "மட்ச் முடிஞ்சுது," என்றார். கோபமே இல்லை. ஒரு பெரியவர் இன்னொரு பெரியவருக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, ஜேர்சியைக் கழற்றி, நேர்த்தியாக மடித்து, அந்த வெள்ளைக் கதிரையில் வைத்தார்.

எங்கள் வான் வண்டியில்தான் திரும்பினோம். நானும் இவரும் முன்னால், அவர்கள் பின்னால். நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. மனுசர் இன்றைக்கு நடந்ததையும் மறந்திருப்பார் என்று நான் எனக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். திறப்பை மறக்கிற தலை இதை மறக்கவில்லை.

"கிளப்பிலை இருந்து என்னை விட்டிட்டாங்கள், என்ன?" என்றார்.

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம்," என்றார்.

"எங்கை போக வேணும்?"

"கிட்டத்தான். திங்கக்கிழமை."

"வீடு தருவினமோ?"

"ஒரு அறை தருவினம். சாப்பாடு, உடுப்புத் தோய்க்கிறது எல்லாம் அவையளே பாப்பினம். நல்ல இடமாம்."

அக்காவின் பக்கம் திரும்பினார். பிறகு, "நீரும் வாறீர்தானே?" என்று கேட்டார்.

கண்ணாடியில் பார்க்க எனக்குத் துணிவில்லை. என் கணவர் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் முதல் போங்கோ," என்றார் அக்கா. "நான் சாமானைக் கட்டிக்கொண்டு பின்னாலை வாறன். எப்பவும் அப்பிடித்தானே."

"ஓம். எப்பவும் அப்பிடித்தான்," என்றார் அவர். பதில் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். அக்காவின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார்.

என் கணவரும் ஒரு காலத்தில் அப்படித்தான் எனக்கு முதல் வந்தவர். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் பின்னால் ஒரு பையோடு போனவர், என்னைக் கூப்பிட ஸ்பொன்சர் அனுப்பும்வரை, கொழும்பு லொட்ஜில் கட்டிய பெட்டியோடு நான் காத்திருந்தேன். பின்னால் வருகிறேன் என்பது எங்கள் வீட்டில் கடைசியில் மெய்யாகிப்போன சொல். அக்காவின் வாயில் அது பொய்யென்று வானுக்குள் மூன்று பேருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அவர் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்து நின்றார். புதுக் கிளப்புக்கு முதல்நாள் ரையோடுதான் போக வேண்டுமாம். பையைத் தானே தூக்கினார். இல்லத்து வாசலில் தாதி வந்து கூப்பிட, கைகொடுத்துத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அழுது அடம்பிடிப்பார், இழுத்துக்கொண்டு போகவேண்டி வரும் என்று பயந்திருந்தோம். அப்படி எதுவும் இல்லாமல் போனதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அக்காவுக்குக் கார் ஓடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். முதலில் எல்லாம், "சாமான் கட்டி முடிஞ்சுதோ?" என்று கேட்பார். "குசினிச் சாமான் கொஞ்சம் கிடக்கு," என்பார் அக்கா. ஒரு பனிக்காலம் முழுக்க அந்தக் குசினி கட்டி முடியவில்லை. பிறகு அவர் அதைக் கேட்பதை விட்டுவிட்டார். என்னையும் அக்காவையும் ஒரே மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்.

போன ஞாயிறு அக்கா அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கையை நீட்டியபடி பொறுமையாக இருந்தவர், திடீரென்று அக்காவின் பக்கம் குனிந்தார்.

"ஒரு உதவி செய்வியளோ?" என்று கேட்டார். "என்ரை மனிசி சாமானோடை பின்னாலை வந்துகொண்டிருக்கிறா. இந்த இடம் அவவுக்குத் தெரியாது. வந்தாவெண்டால் நான் இஞ்சை இருக்கிறன் எண்டு சொல்லி, அறையைக் காட்டிவிடுங்கோ."

அக்கா நகவெட்டியைக் கீழே வைத்தார். அவருடைய கையை விடவில்லை.

"ஓம், காட்டிவிடுறன்," என்றார்.