இடது தொடை கோகிலவாணி

“போன தடவ எந்தக் கால்ல போட்டோம்?” என்று கேட்டுவிட்டுத்தான் கோகிலவாணி ஊசியைக் கையில் எடுப்பார். விடை அவருக்குத் தெரியும், இடது தொடைதான். ஆனாலும் கேட்பார். பாதித் தாய்மார்கள் மடியில் தங்களைப் பார்த்துப் படுத்திருக்கும் பிள்ளையின் வலது காலைக் காட்டுவார்கள். “அது உன்னோட இடது, கண்ணு. புள்ளையோட இடது இந்தப் பக்கம்” என்று சிரிப்பார்.

இண்டூர்ப் பக்கம் கிராமச் செவிலியர். புதன்கிழமை தடுப்பூசி நாள். எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்று கேட்கும் வியாதி இவருக்கு உண்டு. நாற்பத்தெட்டு வயதாகியும் எந்த ஊசிக்கும் அது அடங்கவில்லை. இரண்டாவது ஊசியையும் முதலில் போட்ட கையிலேயே போட்டால் பெரியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் சீக்கிரம் கிளம்புகிறதாம், எங்கோ படித்துவிட்டார். கைக்கு அக்குளிலும் காலுக்குத் தொடையிடுக்கிலும் நெறி கட்டும் இடம்தான் முதல் ஊசியை நினைவில் வைத்திருக்குமாம். “அப்ப கைக்குழந்தைக்கு? தட்டுன கதவையே தட்டுனா சீக்கிரம் தொறப்பாங்களா?” என்று டாக்டரையே கேட்டிருக்கிறார். “சொன்ன எடத்துல போடுங்க சிஸ்டர்” என்று பதில் வந்தது. அப்படியே போடுகிறார். கேள்வியை மட்டும் விடவில்லை.

இவரைப் பற்றி எழுத நான் போயிருந்த புதன்கிழமை மேனகா பத்து வாரப் பையனோடு வந்தாள். கூடவே கணவன் சின்னராஜ். முதல் ஊசியில் தொடை கல்லாக வீங்கிப் பிள்ளை இரண்டு நாள் அழுதிருக்கிறான். “இந்தத் தடவ இடுப்பு ஊசியா போடுங்க. இல்லன்னா வூட்டுக்குப் போறோம்” என்றான் சின்னராஜ். அது இடுப்புக்குக் கீழே போடும் ஊசி. வெட்கத்தில் ஒரு சாண் மேலே ஏற்றிச் சொல்வது இங்கே வழக்கம். மேனகா துணியை விலக்கினாள். பிள்ளையின் பின்புறத்தில் கண்மையால் ஒரு பொட்டு. இடத்தைக் குறித்தே கொண்டுவந்துவிட்டார்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது. கோகிலவாணிக்கு வரவில்லை. இவர்கள் திரும்பிப் போனால் கக்குவானுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் பிள்ளையின் பாதுகாப்பு அரைகுறையாக நின்றுவிடும்.

“இங்க கொழுப்புதாங்க ஜாஸ்தி. மருந்து அதுலயே நின்னுட்டா சரியா வேலை செய்யாது. காலுக்குப் போற நரம்பு வேற இங்க ஓடுது.”

“அப்ப வலது தொடையில போடுங்க. மறுபடி அதே கால் எதுக்கு?”

கோகிலவாணி துணியை இழுத்துப் பொட்டை மூடினார்.

“வலதுல வேற ஊசி போடறோம். வீங்குனா எந்த ஊசியாலன்னு தெரியணுமில்லீங்க? அதே கால்ல போட்டா இன்னும் நல்லா புடிக்குமான்னா, எனக்குத் தெரியலீங்க. நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்.”

தெரியாது என்று சொன்ன நர்சை சின்னராஜ் அதுவரை பார்த்ததில்லை போலும். எனக்கும் அந்த நேரத்தில் அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது. சின்னராஜ் பெஞ்சில் உட்கார்ந்து, மகனின் இடது காலைத் தானே பிடித்துக்கொண்டான்.

ஊசி ஏறியது. பையன் ஊரைக் கூட்டினான். காய்ச்சல் மருந்து கொடுத்து, தொடையைத் தேய்க்க வேண்டாம் என்று இரண்டு முறை சொன்ன பிறகு, கோகிலவாணி அவன் இடது தொடையிடுக்கில் இரண்டு விரலை லேசாக வைத்தார்.

“உள்ள கேட்டுச்சாடா?” என்று மெல்லக் கேட்டுவிட்டு, தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.