பொட்டு வைத்த கோன்

எங்கள் அத்தையின் கணவர், அதாவது மாமா, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். வீட்டுக்கு வந்தால் யூனிஃபார்மைக் கழற்றுவார், வேலையைக் கழற்ற மாட்டார். மாடிப்படிக்கு மஞ்சள் கோடு போட்டவர், அத்தையின் அடுப்புக்குப் பக்கத்தில் வாளி நிறைய மணல் வைத்தவர். அப்படிப்பட்டவர் வல்லம் வடகால் பக்கம் வாடகைக்குப் பிடித்த வீட்டில், போயும் போயும், ஒரு நீச்சல் குளம் இருந்தது. வெளிநாட்டு இன்ஜினியர்களுக்கு விடுவதற்காகக் கட்டிய வீடு அது.

மணி என்று ஒரு நாயும் இருந்தது. கம்பெனி கேட்டில் பிஸ்கட் தின்று வளர்ந்து, ஒருநாள் மாமாவின் பைக் பின்னாலேயே ஓடிவந்து குடியேறிவிட்டது. இருவரும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் வீட்டில் அது மட்டும்தான். தவறிக் குளத்தில் விழுந்துவிட்டால் என்ற நினைப்பில் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"நாய்க்கு நீச்சல் பொறப்புலயே வரும். இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கவலை?" என்றாள் அத்தை.

"நீந்தும். எப்டி வெளிய வரும்? மொதல்ல எக்ஸிட்டு, அப்பறம்தான் என்ட்ரி" என்றார் மாமா.

குளத்தில் ஒரு மூலையில் மட்டும்தான் படிகள். தண்ணீருக்குள் இருப்பவருக்கு நாலு பக்கமும் ஒரே நீலச் சுவர். அதனால் படிக்கு மேலே ஆரஞ்சு நிறக் கோன் ஒன்றை வைத்தார். ரோட்டில் வண்டிகளை மறிக்க நிறுத்துவார்களே, அதுதான். மணிக்குக் கயிறு கட்டிய லைஃப் ஜாக்கெட் மாட்டி, வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து, தான் இரண்டாம் படியில் நின்றபடி மெல்லத் தண்ணீரில் விடுவார். கோனைக் காட்டித் திருப்புவார். படியேறினால் பிஸ்கட். அது களைத்துப்போவதற்குள் நிறுத்திவிடுவார்.

விடுமுறைக்குப் போயிருந்த நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். கயிற்றை எவ்வளவு நீட்டிவிட்டாலும் மணி கோனைப் பார்த்து நேராக வந்தது. பிறகு ஜாக்கெட் இல்லாமலும் வந்தது. பள்ளிக்கூடம் போகாத ஒரு நாய்க்கு இவ்வளவு அறிவா என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்குக் கழுவாமல், பொட்டு வைக்காமல் விடும் சாமான் கிடையாது. அரிவாள்மனை, தையல் மிஷின், பைக், மாமாவின் ஹெல்மெட் எல்லாம் முடித்த அத்தை, குளத்தங்கரைக் கோனையும் தூக்கிவந்தாள். அதுவும் அவர் தொழிலைச் சேர்ந்ததுதானே. சந்தனம் குங்குமம் இட்டு, சாமந்திச் சரம் சுற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மணி ஒரு காக்கையைத் துரத்திப்போய்க் குளத்தில் விழுந்தது.

நான்தான் முதலில் பார்த்தேன். நன்றாகத்தான் நீந்தியது. ஆனால் கோனைத் தேடியது. ஒரு சுவர், அடுத்த சுவர் என்று சுற்றி, படி இருந்த மூலையைக் கடந்தே போனது. கரையில் கால் வைத்த இடமெல்லாம் நகம் டைல்ஸில் வழுக்கியது. மெதுவாக மூக்கு தாழ்ந்தது. நான் போட்ட கூச்சலில் மாமா ஓடிவந்தார்.

"கோன் எங்கடி?"

"பூஜைல கீதுங்க!"

"எடுத்துனு வாடி, சீக்கிரம்!"

அத்தை பூவும் பொட்டுமாகக் கோனைத் தூக்கிவந்து படிமேல் நிறுத்தினாள். மணியின் கண் அதில் பட்டது. முழுகிக்கொண்டிருந்த நாய் அப்படியே திரும்பி, நேராக நீந்திவந்து, படியேறி, கோனின் அடியில் விழுந்து மூச்சு வாங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சாமிதான் கோனில் இறங்கியிருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மாமா ஆழமான பக்கத்து விளிம்பிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அவர் பக்கத்தில் வாட்ச், செல்போன், பர்ஸ், மூக்குக்கண்ணாடி எல்லாம் கிடந்தன. பூஜைக்கு வைக்கத்தான் கழற்றியிருப்பார், பாவம் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பத்திரமாக உள்ளே கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன்.

மாமாவுக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.