கதவோரம் நிற்கும் மார்லிஸ்

மார்லிஸ் ஓடெகார்ட் வந்து கதவைத் தட்டினால் ஆள் கண்ணில் படமாட்டாள். தட்டின கையோடு பக்கத்துச் சுவரோரம் ஒதுங்கிவிடுவாள். கதவைத் திறந்தால் வாசலில் பனிதான் இருக்கும். தலையை வெளியே நீட்டிப் பார்த்தால்தான் ஓரத்தில் ஐந்தடி பத்து அங்குல உயரத்துக்கு ஒருத்தி நிற்பது தெரியும். கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சொந்தத் தங்கை வீட்டுக்குப் போனாலும் இதே கூத்துதான். கையில் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் பாத்திரத்தில் ஆவி பறக்கும். இவள் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

"ஏன்க்கா, உள்ள நான் என்ன துப்பாக்கியோடயா நிக்கிறேன்?" என்பாள் தங்கை.

"நீ நிக்கமாட்டே. ஆனா நிக்கிறவன் எவனும் முன்கூட்டிச் சொல்லிட்டு நிக்கிறதில்லையே!"

இருபத்தாறு வருஷத்துப் பழக்கம். அமெரிக்காவின் டகோட்டா சமவெளியில் ஃபெடரல் கோர்ட்டுக்கு நன்னடத்தை அலுவலர் என்றால் சும்மாவா? சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள், வழக்கு முடியும்வரை ஜாமீனில் இருப்பவர்கள் என்று எல்லாரையும் வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். சொல்லிக்கொண்டு போகக் கூடாது. கதவுக்கு நேரே நிற்கக் கூடாது என்பது பயிற்சியின் முதல் நாள் பாடம். உள்ளேயிருந்து சுட்டால் குண்டு கதவைத் துளைத்துக்கொண்டு வரும். "நன்னடத்தை ஆபீஸிலிருந்து வந்திருக்கேன்" என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தவும் கூடாது, அக்கம்பக்கத்தில் அந்த ஆளின் மானம் போய்விடும். இந்த இரண்டாவது விதியில் மார்லிஸுக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஓரமாக நின்ற முதுகும் அப்படித்தான் போலிருக்கிறது.

வாயும் சும்மா இருக்கவில்லை. கண்காணிப்பில் இருப்பவர்கள் மாதாமாதம் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். அதிலுள்ள கேள்விகள் அவளுக்கு மனப்பாடம். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, சிவனே என்று டிவியில் ஹாக்கி பார்த்துக்கொண்டிருக்கிற அவள் புருஷன் ஆர்லோதான் ராத்திரிச் சாப்பாட்டில் மாட்டிக்கொள்வான்.

"இந்த மாசம் போலீஸ்காரங்க யார்கூடவாவது பேச்சு வார்த்தை உண்டா?"

"உண்டு. டோனட் கடை வரிசைல. கடைசி டோனட்டை அவர்தான் வாங்கிட்டுப் போனாரு."

"வீட்டுக்குப் புதுசா யாராவது குடி வந்திருக்காங்களா?"

"கராஜ்ல ஒரு எலி. பேரு கேக்கலை. நீயே போய் விசாரிச்சுக்கோ."

அவனுக்கும் சிரிப்பு, அவளுக்கும் சிரிப்பு. ஆனால் பதில் வரும்வரை அவள் முள்கரண்டியை எடுக்கமாட்டாள்.

அவளிடம் ஒரு வசனமும் உண்டு. புதிதாகக் கண்காணிப்புக்கு வருகிற ஒவ்வொருவரையும் எதிரே உட்கார வைத்துச் சொல்வாள்: "உண்மையைச் சொல்லு, அதை வச்சு உனக்கு ஏதாவது செய்யப் பாப்பேன். பொய் சொன்னா என்னால எழுதத்தான் முடியும்." நல்ல வசனம். பலரைத் தேற்றியிருக்கிறது. அவள் உதவியால் மறுபடி மனிதரானவர்கள் அந்தச் சமவெளியில் எழுபது எண்பது பேராவது இருப்பார்கள். துணைத் தலைமை அலுவலராக அவள் உயர்ந்தது சும்மா இல்லை.

இன்னொன்று அவளுடைய 'பேய்க் கதை'. வருஷா வருஷம் புது அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இதைச் சொல்லாமல் விடமாட்டாள். பதினோரு வருஷத்துக்கு முன்பு டெல்மர் ஷாட்ஸ் என்று ஒருவன் அவள் கண்காணிப்பில் இருந்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது கோர்ட் போட்ட நிபந்தனை. ஒரே மாதத்தில் மூன்று தடவை ஆறரை மணிக்குப் போய்த் தட்டினாள். மூன்று தடவையும் கதவு திறக்கவில்லை. மூன்று தடவையும் வந்துபோனதற்கு அடையாளமாக வலைக்கதவு இடுக்கில் தன் பெயர் அட்டையைச் செருகிவிட்டு வந்தாள். கோர்ட்டில் அவன் என்ன சொன்னான் தெரியுமா? "நான் வீட்லதான் இருந்தேன். தட்டற சத்தம் கேட்டுச்சு. போய்க் கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன், யாரும் இல்லை. அட்டையும் எதுவும் பாக்கலை." இந்த இடத்தில் மார்லிஸ் டெல்மரின் இழுவைக் குரலிலேயே பேசி, கண்ணை அகல விரித்துக் காட்டுவாள். அறையே கொல்லென்று சிரிக்கும். "பேய் தட்டிட்டுப் போயிருக்கு பாவம்! அது அட்டையை வேற தின்னுருச்சு!" என்று முடிப்பாள். டெல்மர் ஐந்து மாதம் மறுபடி உள்ளே போய்விட்டு வந்தான்.

இப்படி இருக்கையில் தலைமை அலுவலர் ஓய்வு பெற்றார். இந்த உத்தியோகத்தில் ஐம்பத்தேழு வயதானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மார்லிஸுக்கு ஐம்பத்து நான்கு. இந்த நாற்காலி இப்போது கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லவே இல்லை. அவளுக்கு அதில் எவ்வளவு ஆசை என்பதை வெளியே சொல்ல மாட்டாள். லூதரன் சபையில் வளர்ந்த பெண், ஆசைப்படுவதையே ஒரு குற்றமாக நினைப்பவள். ஆனால் பூட்டிய குளியலறைக்குள் நின்று "தலைமை நன்னடத்தை அலுவலர் மார்லிஸ் ஓடெகார்ட்" என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்ததை ஆர்லோ கேட்டிருக்கிறான். போட்டிக்குக் கொலராடோவிலிருந்து ஒரு இளைஞன் வந்திருந்தான். வாயைத் திறந்தால் புள்ளிவிவரமும் வரைபடமும்தான்.

தேர்வு செய்வது மூன்று நீதிபதிகள். அவர்களில் மூத்தவர் சோல்வெய்க் பிராண்ட்வோல்ட், அறுபத்தெட்டு வயது, குறும்புக்காரி. "ஊர்ல இருக்கிற அத்தனை பேர் கதவையும் சொல்லாம கொள்ளாம தட்டறீங்க. நேர்காணலுக்கு முன்னாடி ஒரு நாள் நான் உங்க ரெண்டு பேர் கதவையும் தட்டப் போறேன். எப்பன்னு சொல்லமாட்டேன்" என்று அறிவித்துவிட்டார். தட்டும் முறை அவருக்குத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்பு மார்லிஸோடு ஒரு நாள் சுற்றிப் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு வீட்டு வாசலில் நேராக நின்ற அவரைக் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்து, "ஜட்ஜ், கதவு முன்னாடி நின்னா உங்களுக்கு ஆயுள் கெட்டியில்ல" என்று கடிந்துகொண்டவள் இதே மார்லிஸ்தான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். இரண்டு வாரம் மார்லிஸ் வீட்டைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்துவிட்டாள். ஆர்லோவின் பீர் டப்பாக்கள் கராஜுக்குப் போயின. எலுமிச்சை பார் இனிப்பு ஒரு தட்டு நிறைய எப்போதும் தயார். ஆர்லோ ஒன்றை எடுத்தால் கையில் அடி விழுந்தது.

"யார் தட்டினாலும் உடனே கதவைத் திற, ஆர்லோ. புரியுதா?"

"புரியுது மேடம். போதை டெஸ்ட்டுக்கு மூத்திரம் புடிச்சுக் குடுக்கணும்னாலும் சொல்லுங்க, தயாரா இருக்கேன்."

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. மார்லிஸ் நிலவறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேலே தட்டுகிற மாதிரி சத்தம்.

"யாரு ஆர்லோ?"

ஆர்லோ எழுந்து போய்க் கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். வெறும் பனி. "யாரும் இல்லை. காத்து."

கொஞ்ச நேரத்தில் மறுபடி சத்தம். மறுபடி போய்ப் பார்த்தான். "காத்துதான்மா. அந்த வலைக்கதவு கொக்கி லூஸா இருக்கு, நாளைக்கு முறுக்கணும்." மூன்றாவது தடவை அவன் எழுந்திருக்கவே இல்லை; ஹாக்கியில் கோல் விழப்போகிற நேரம். மார்லிஸும் துணியை மடித்து முடித்தாள்.

திங்கட்கிழமை நேர்காணல் நன்றாகவே போயிற்று. கேட்டதற்கெல்லாம் ஆணி அடித்த மாதிரி பதில். கடைசியில் பிராண்ட்வோல்ட் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மார்லிஸ், சனிக்கிழமை மூணு மணிக்கு உங்க வீட்டுக்கு வந்தேன். மூணு தடவ தட்டினேன். உள்ள டிவி ஓடுது, கதவு திறக்கலை. அட்டையைச் செருகிட்டு வந்துட்டேன். என் காது இன்னும் மரத்துப்போய்க் கிடக்கு."

மற்ற இரு நீதிபதிகளும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மார்லிஸுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஜட்ஜ், நாங்க வீட்லதான் இருந்தோம்! தட்டற சத்தம் கேட்டுச்சு. ஆர்லோ போய்க் கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தான், யாரும் இல்லை. அட்டையும் எதுவும் பாக்க..."

வாக்கியம் பாதியில் நின்றது. அது அவளுடைய வாக்கியம் இல்லை. பதினோரு வருஷமாக இன்னொருவன் குரலில் அவள் சொல்லிச் சிரிக்க வைத்த வாக்கியம்.

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி ஓரமாத்தான் நின்னேன்" என்றார் பிராண்ட்வோல்ட், சிரித்துக்கொண்டே. "கவலைப்படாதீங்க, இதுக்கெல்லாம் மார்க் கிடையாது."

அங்கே வாயை மூடிக்கொண்டு ஒரு புன்னகை பூத்திருந்தால் போதும். நாற்காலி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. டெல்மரை அந்த அறையில் யாரும் நினைக்கவில்லை, நினைக்கப் போவதும் இல்லை.   மார்லிஸுக்கு வெட்கமாக இருந்தது. அந்த நாற்காலி போய்விடுமே என்று பயமாகவும் இருந்தது.

"ஜட்ஜ், ஒண்ணு சொல்லணும்" என்றாள். டெல்மர் ஷாட்ஸின் பெயரைச் சொன்னாள், மூன்று சாயங்காலங்களையும் சொன்னாள், காற்று அடித்துக்கொண்டு போயிருக்கக் கூடிய மூன்று அட்டைகளையும் சொன்னாள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த நீதிபதி, "நீங்க விதிப்படிதானே நின்னீங்க?" என்று கேட்டார்.

"விதிப்படிதான் நின்னேன். அதனாலதான் அவர் கண்ணுக்கு நான் தெரியல. அவர் பொய் சொல்லல. பொய்னு எழுதினது நான். அதோட விடல, அதைக் கதையாக்கி வருஷா வருஷம் எல்லாரையும் சிரிக்க வச்சேன்."

அறையில் சிரிப்பு அடங்கிவிட்டது. பிராண்ட்வோல்ட் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவரை உள்ள அனுப்பின உத்தரவுல என் கையெழுத்துதான்" என்றார்.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, வியாழக்கிழமை. தலைமை அலுவலரான பிறகு அவள் போட்ட முதல் உத்தரவு இதுதான்: தட்டியபின் ஓரமாகவே நில்லுங்கள், ஆனால் உங்கள் சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள், பதில் வராவிட்டால் தெருவுக்குத் திரும்பி வந்து, ஜன்னலிலிருந்து தெரிகிற இடத்தில் நின்று போன் செய்யுங்கள். கொலராடோ இளைஞன் இதற்கு ஒரு வரைபடம் போட்டிருப்பான். ஆனால் திங்கட்கிழமை மத்தியானம் அவளுக்கு இதெல்லாம் தெரியாது. நாற்காலி போயிற்று என்றே நினைத்துக்கொண்டு நாற்பது மைல் காரோட்டிக்கொண்டு போனாள்.

டெல்மர் இன்னும் அதே டிரெய்லர் வீட்டில்தான் இருந்தான். கண்காணிப்பெல்லாம் முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. தானியக் கிடங்கில் வேலை. மார்லிஸ் படியேறினாள். கால் தானாகச் சுவரோரம் போயிற்று. இழுத்துக்கொண்டு வந்து கதவுக்கு நேரே நிறுத்தினாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. தட்டினாள்.

சின்னக் கண்ணாடியில் ஒரு கண் தெரிந்தது. கதவு திறந்தது. தலை நரைத்திருந்தான். அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"இந்தத் தடவ ஆள் தெரியுதே" என்றான்.

அவள் எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே சொன்னாள். சனிக்கிழமை, நீதிபதி, ஆர்லோ, பயிற்சி வகுப்பு, பேய்க் கதை. மன்னிப்பும் கேட்டாள். டெல்மர் கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். காபி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் வாசல்படி ஏறி வந்தவரிடம் அதைக் கேட்காமல் விடுவது சாமானியக் கோபம் இல்லை.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"எல்லாரும் சிரிச்சிருக்காங்க" என்றான்.  "அன்னிக்கு கோர்ட்ல என் பொண்ணும் இருந்தா, ட்ரீனா. அந்த மே மாசம்தான் அவ ஸ்கூல் முடிச்சா. மேடைல ஏறி டிப்ளமா வாங்கினா. நான் உள்ள இருந்தேன். எங்கயோ குடிக்கப் போயிட்டு வீட்ல இருந்தேன்னு புளுகினேன்னுதான் இன்னிக்கு வரைக்கும் நெனச்சிட்டிருக்கா. ஆபீசரம்மா மூணு தடவ வந்து தட்டினாங்களே, அவங்க எதுக்குப் பொய் சொல்லணும்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியலை."

"ட்ரீனா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"மினியாபொலிஸ்ல இருக்கா. நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க சொல்றீங்களா?"

அவள் தலையசைத்தாள். டெல்மர் உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தான். எண்ணைப் போட்டுத் தன் காதில் வைக்காமல் நேரே அவளிடம் நீட்டினான். நான்காவது மணியில் எடுத்தாள் மகள்.

"என்னப்பா, வேலைல இருக்கேன், சீக்கிரம் சொல்லு."

"ட்ரீனா, நான் மார்லிஸ் ஓடெகார்ட் பேசறேன். கோர்ட்ல அன்னிக்கு என்னைப் பாத்திருப்பீங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "உங்கப்பா வீட்லதாம்மா இருந்தாரு. மூணு நாளும் வீட்லதான் இருந்தாரு."