கந்தம்மாளுக்கு வராத போன்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மைதிலிக்கோ ஆத்திரம் வந்தால்தான் புத்தியே வேலை செய்யும். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பெனி ஒன்றில், மற்றவர்கள் எழுதுகிற மென்பொருள் திருத்தங்களைப் படித்துப் பார்ப்பது அவள் வேலை. சரியாக இருந்தால் உள்ளே விடுவாள். இல்லையென்றால், எழுதியவன் இரண்டு நாளைக்குத் தலை நிமிராதபடி திருப்பி அனுப்புவாள்.

கம்பெனி விற்றது கறிக்கோழிப் பண்ணைகளுக்கான ஒரு பெட்டி. மூடிய கொட்டகையில் பெரிய விசிறிகள் நின்றுபோனால், சித்திரை வெயிலில் கோழிகள் அரை மணி நேரம் தாங்காது. கரண்ட் போனதும் பெட்டி தன் பேட்டரியில் ஓடி, சிம்கார்டு வழியாகக் கம்பெனியின் சர்வருக்குச் சொல்லும். சர்வர் பண்ணைக்காரரைப் போனில் கூப்பிடும். அவர் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போடுவார்.

சர்வரின் பெயர் மட்டும்தான் பெட்டிக்குத் தெரியும். அந்தப் பெயருக்கு இப்போது என்ன முகவரி எண் என்று ஒவ்வொரு முறையும் நெட்வொர்க்கில் கேட்டுக்கொள்ள வேண்டும். சனியன் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. கரண்ட் போகிற நேரத்தில் டவரும் தடுமாறும், பதில் வராது. பதில் வரவில்லை என்றால் இன்னொரு தடவை கேட்க வேண்டாமா? 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று முடிவு கட்டிக்கொண்டு, பெட்டி அன்று முழுக்கச் சும்மா கிடக்கும். போனை எடுக்காதவன் செத்துப்போய்விட்டான் என்று சொல்வதுபோல.

இதைச் சரிசெய்ய, கம்பெனியில் மென்பொருள் எழுதுகிற குணசீலன் ஒரு திருத்தம் எழுதினான். பதிலுக்குக் காத்திருக்கிற நேரத்தில் பெட்டி மொத்தமும் உறைந்து நின்றது. மைதிலி திருப்பி அனுப்பினாள். அடுத்து எழுதியதில் பெயரையே தூக்கிவிட்டு, சர்வரின் எண்ணை நேராகப் போட்டிருந்தான்.

"கேட்டாத்தானேக்கா பிரச்சனை? இனிமே பொட்டி யாரையும் கேக்கவே வேண்டாம்."

"சர்வர் என்ன நம்ம சொந்த ஊடா குணா? வாடகை இடம். நாளைக்கு அவன் வேற மெசினுக்கு மாத்துனா நம்பரும் மாறிப்போகும். பேரு எதுக்கு வெச்சிருக்குது, அழகு பாக்கவா?"

பதில் வராதது வேறு, பெயர் இல்லாதது வேறு, இரண்டையும் பிரித்து எழுது, கொஞ்சம் விட்டு மறுபடி கேட்கச் சொல் என்று விளக்கி அதையும் திருப்பினாள். அந்த வாரக் கடைசியில் குலதெய்வம் கோயிலில் கிடாவெட்டு என்று அவள் லீவு போட்டாள். முதலாளி குருமூர்த்திக்கு அது போதுமானதாக இருந்தது. எண் போட்ட திருத்தத்தைத் தானே உள்ளே விட்டு, எல்லாப் பண்ணைப் பெட்டிக்கும் அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தவள் அவர் மேஜைக்கு முன்னால் நின்று கத்தினாள். "ஓடுதா இல்லையா?" என்றார் அவர். ஓடத்தான் செய்தது. அப்புறம் என்ன செய்ய? திருத்தத்துக்குக் கீழே நீளமாக, காரமாக எழுதி வைத்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். குணசீலன் மட்டும் அதைப் படித்தான்.

சித்திரையில் ஒரு நாள் சர்வர்க்காரன் சொல்லாமல் கொள்ளாமல் வேறு மெசினுக்கு மாற்றினான், எண்ணும் மாறிப்போனது. அன்றைக்கு மத்தியானம் மோகனூரில் கரண்ட் போனது. அங்கே பண்ணை வைத்திருந்த கந்தம்மாள், பெட்டியை நம்பி, நிழலில் கட்டிலைப் போட்டு, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். போன் வரவே இல்லை.

மறுநாள் குருமூர்த்தியோடு மைதிலியும் போனாள். கொட்டகை வாசலில் டிராக்டர் டிரெய்லர் நிறையச் செத்த கோழிகள் கிடந்தன. தோட்டத்து மூலையில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியவில்லை.

"ஏனுங்க, போன் வரும்னு சொல்லித்தானுங்க பொட்டிய மாட்டுனீங்க?" என்றாள் கந்தம்மாள்.

"டவர் பிரச்சனைங்கம்மா. அது நம்ம கையில இல்லீங்க," என்றார் குருமூர்த்தி.

மைதிலிக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. இத்தனை கோழியைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறானே மனுசன்!

"டவர் இல்லீங்கக்கா. எங்க தப்புங்க. பொட்டி இப்படி ஒரு நாள் நின்னுபோகும்னு எனக்கு முன்னாடியே தெரியும். வேண்டாம்னு சண்டை போட்டேன், இவரு கேக்கல."

குருமூர்த்தியின் முகம் சுண்டிப்போனது. கந்தம்மாள் அவரைப் பார்க்கவில்லை, மைதிலியைத்தான் பார்த்தாள்.

"தெரியுமா அம்மிணி? அப்ப எனக்கு ஏன் சொல்லல? பொட்டிய நம்பாதீங்கன்னு ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருந்தா, கண்ணு அசராம விசிறியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பனே."

மைதிலி முதலாளியிடம் கத்தியிருந்தாள், குணசீலனைத் திட்டியிருந்தாள், பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். கோழி வளர்க்கிறவளிடம் சொல்ல மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

குருமூர்த்தி தினமும் காலை வணக்கப் படம் போடுகிற வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருந்தது. பெட்டி வாங்கிய பண்ணைக்காரர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். மைதிலி போனை எடுத்து, குரல் பதிவைத் தொட்டாள்.

"மைதிலி, பேசாம வண்டியில ஏறு. இல்லைன்னா நாளைக்கு ஆபீசுக்கு வராத," என்றார் குருமூர்த்தி.

"அண்ணா, அக்கா எல்லாருக்கும் சொல்றேனுங்க," என்று அவள் பேச ஆரம்பித்தாள். "உங்க பொட்டி இப்ப வேலை செய்யாதுங்க. கரண்ட் போனா போன் வராது. நாங்க சரி பண்ணித் தர்ற வரைக்கும் ஆள் போட்டு விசிறியப் பாத்துக்குங்க. தப்பு எங்களுதுங்க."

அனுப்பினாள். கந்தம்மாளும் அந்த குரூப்பில்தான் இருந்தாள். அவள் மடியில் இருந்த போன் ஒரு முறை ஒலித்து அடங்கியது.