தட்டாத கை

என் தங்கை வீட்டுக்காரர் கொத்தனார். வேலையிடத்தில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். பூசிய சுவரை நின்ற இடத்திலிருந்தே பார்த்து, "அந்த மூலையில ஒரு நூல் வெளிய தள்ளியிருக்கு" என்பார். மட்டம் பார்க்கும் அந்த ரசமட்டக் கருவியை வைத்துப் பார்த்தால் சரியாக ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தள்ளியிருக்கும். கூரையின் அடிப்பக்கம் பூசுவதில் அவரை அடிக்க ஆளில்லை. அண்ணாந்தபடி வலது கையால் கலவையை வீசி அப்புவார். பாதி கீழே கொட்டுகிற வேலை அது, அவருக்கு மட்டும் கொட்டாது.

நான் லிப்ட் மெக்கானிக். அதற்கு முன்பு பன்னிரண்டு வருஷம் குத்துச்சண்டை போட்டவன். ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். ஆனால் வாய் மட்டும் சாம்பியன் வாய்.

முப்பத்தொரு வயதில் மாப்பிள்ளைக்கு எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டைப் பைத்தியம் பிடித்தது. வேலை முடிந்து, முழங்கையில் சிமெண்ட் காய்ந்திருக்க, டயர் கடை மாடியிலிருந்த பயிற்சிக் கூடத்துக்குப் போவார். ஒரு நாள் நானும் போய்ப் பார்த்தேன். இதெல்லாம் ஒரு ஆட்டமா என்றிருந்தது எனக்கு.

எங்கள் ஆட்டத்தில் இரண்டு முஷ்டிதான், இடுப்புக்கு மேலேதான். ஒருத்தன் விழுந்தால் மற்றவன் மூலைக்குப் போய் நிற்க வேண்டும்; நடுவர் பத்துவரை எண்ணுவார். கட்டிப் பிடித்தால் பிரித்துவிடுவார். இங்கே உதைக்கலாம், முழங்காலால் இடிக்கலாம், தூக்கிப் போடலாம். விழுந்தவனை விடுவதே கிடையாது, மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். கழுத்தை நெரிக்கலாம், கைமூட்டை முறுக்கலாம். தாங்க முடியாதவன் எதிராளி மேலோ தரையிலோ இரண்டு தட்டு தட்டினால் போதும், ஆட்டம் முடிந்தது. அன்றைக்கு மட்டும் மாப்பிள்ளை ஏழு தடவை தட்டினார். ஏழு தடவையும் சிரித்துக்கொண்டே எழுந்தார். அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிச்சல்.

சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தேன். "கதவைத் தட்டுற மாதிரியில்ல தட்டுறாரு! நாங்கல்லாம் மூக்கு ஒடஞ்சாலும் மணி அடிக்கிற வரைக்கும் நிப்போம்."

"தட்டலைன்னா கை போயிடும் மச்சான். மறுநாள் வேலைக்குப் போகணும்ல?"

"கை போயிடும்னு பயப்படுறவரு எதுக்கு சண்டைக்குப் போறீங்க? வீட்ல உக்காந்து கேரம் ஆடுங்க மாப்ளே!"

தங்கை சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், ஆனால் காது சிவந்துபோயிற்று. அதைப் பார்த்தேன், பார்த்தும் விடவில்லை. அப்புறம் அவர் எதிரே வந்தாலே மேசையில் இரண்டு தட்டு தட்டி, "யாரு, மாப்பிள்ளையா?" என்பேன். சீ, என்ன பிறவி நான்!

அவருடைய முதல் போட்டிக்குப் பயிற்சியாளர் வர முடியவில்லை. "மச்சான், என் மூலையில நீங்க நில்லுங்க" என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். நடுவர் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர். ஆட்டத்துக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டே சொன்னார்: "அவர் தட்டினாலும் நிறுத்துவேன், போதும்னு நீங்க டவலை உள்ள வீசினாலும் நிறுத்துவேன். கையை நீட்டிப் புடிச்சிட்டாங்கன்னா யோசிக்காதீங்க சார், போட்டுருங்க."

முதல் சுற்று மாப்பிள்ளையுடையது. இரண்டாவதில் ஒரே குத்தில் எதிராளி மல்லாந்து விழுந்தான். பழக்கதோஷம், "மூலைக்குப் போங்க!" என்று கத்திவிட்டேன். என் பேச்சை நம்பி மாப்பிள்ளை பின்னால் போனார். யார் எண்ணப்போகிறார்கள் இங்கே? விழுந்தவன் தலையை உதறி எழுந்தான், அவர் காலை வாரினான், வலது கையைத் தன் இரண்டு தொடைகளுக்கு நடுவில் இறுக்கி நீட்டிவிட்டான்.

நடுவர் அந்தப் பக்கம் இருந்தார். எதிராளியின் கால்கள் கையை மறைத்திருந்தன. எனக்கு எல்லாம் தெரிந்தது. மாப்பிள்ளையின் இடது கை தட்டுவதற்கு உயர்ந்தது. அவர் கண் என்னைத் தேடியது. என்னைப் பார்த்ததும் அந்தக் கையை மூடிக்கொண்டார்.

டவல் என் தோளில் இருந்தது. எடுத்துக் கையிலும் வைத்துக்கொண்டேன். இவருக்காக நான் டவல் போட்டேன் என்று என் பழைய கூட்டாளிகளுக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்கள்? சத்தியமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முழங்கை போன சத்தம் என் மூலைவரை கேட்டது.

இரண்டு அறுவை சிகிச்சை செய்தும் கை முழுசாக நீளவில்லை. கூரை வேலை இனி முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் நிற்கும்போதே தங்கை அவரிடம் அழுதுகொண்டே கேட்டாள், "அண்ணன் பக்கத்துலதானே இருந்தான்? என்ன பண்ணிட்டு இருந்தான்?"

"மச்சான் டவல் போட்டாரும்மா. நடுவர்தான் கவனிக்கல" என்றார் மாப்பிள்ளை.

அவள் வெளியே போனதும், "ஏன் மாப்ளே அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"அவளுக்குக் கூடப்பொறந்தது நீங்க ஒருத்தர்தானே மச்சான்."

அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுவர் மாப்பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். பை நிறைய ஆப்பிள். கூடத்தில் மாப்பிள்ளை கட்டிலில் இருந்தார், நான் நாற்காலியில். தங்கை வாசலிலேயே மறித்தாள்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தீங்க? எங்க அண்ணன் டவல் போட்டும் கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

அவர் திகைத்துப்போனார். "டவல் வரலையேம்மா. வந்திருந்தா நிறுத்தியிருப்பேனே. கை எனக்குத் தெரியல, அது என் தப்புதான். ஆனா டவல்..." என்று என்னைப் பார்த்தார்.

"வந்துச்சு சார். நான் பாத்தேன்" என்றார் மாப்பிள்ளை, சுவரைப் பார்த்துக்கொண்டு.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுண்ணே. போட்டியா இல்லையா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

"போட்டேன்" என்றேன்.

"அப்ப நான்தான் பாக்கல போல" என்று நடுவர் பழப்பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் எந்தப் போட்டிக்கும் நடுவராக நிற்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.