பீடத்துக்கு ஐந்து படி

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒரு முறை வேதத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிறுத்தாமல் வாசிப்போம். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் முடியும். குடும்பத்துக்கு அரை மணி நேரம். ஒரு குடும்பம் விட்ட வசனத்துக்கு அடுத்த வசனத்தை அடுத்த குடும்பம் மூச்சு விடாமல் எடுக்க வேண்டும். அந்த மூன்று நாளும் ஆலயத்துக்குள் வாசிக்கிற சத்தம் தவிர வேறு பேச்சு கூடாது. என்ன நடந்தாலும் வாசிப்பு நிற்கக் கூடாது. ஒரு வருடம் மழையில் ஓடு ஒழுகியபோது ஒருவர் குடை பிடிக்க, இன்னொருவர் வாசித்தார்.

எனக்குப் போடி பஜாரில் சாக்குக் கடை. ஏலக்காய் வியாபாரிகளுக்கும் மிளகு வியாபாரிகளுக்கும் சாக்கு கொடுக்கிறேன். எட்டாவது வரைதான் படிப்பு. வேதம் தெரிந்தவள் என் மனைவி. அவளுக்குச் சின்னமனூர். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. இடது கையால் முழங்காலை அழுத்திக்கொண்டு நடப்பாள். எங்களுக்குக் கல்யாணமான மறு வருடத்திலிருந்து ஆலயத்தில் பீடத் துணி அவள் பொறுப்பு. மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்து. அதற்கு முந்தின சனிக்கிழமை, துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொண்டுபோய் அவளே விரிப்பாள். யாரும் கொடுத்த வேலை இல்லை, அவளாகக் கேட்டு வாங்கியது.

போன வருடம் ஆலயத்தைப் புதுப்பித்தார்கள். பீடத்துக்கு முன்னால் இருந்த இரண்டு சிமெண்டுப் படிகளை எடுத்துவிட்டுக் கறுப்புக் கிரானைட்டில் ஐந்து படி வைத்தார்கள். பார்க்க அழகுதான், ஆனால் வழுக்கும். வேலை முடிந்த வாரம் சபைச் செயலர் என் கடைக்கு வந்தார். பஜாரிலேயே பைப்பு, குழாய்ச் சாமான் விற்கிறவர். நல்ல மனிதர். என்னைவிட நாலு வயது இளையவர்.

“அண்ணே, அக்கா அந்தப் படியில ஏறி எங்கிட்டாவது விழுந்து வச்சா நம்ம மனசு தாங்காது. வாலிபப் பொம்பளப் பிள்ளைக ரெண்டு பேரு துணி விரிக்கிறோம்னு நிக்கிதுக. இம்புட்டு வருசம் செஞ்சாக, அக்காவுக்கு ரெஸ்ட்டு குடுத்துருவோம்னு கமிட்டில பேசிக்கிட்டோம். நீங்க என்ன சொல்றீக?”

“சரிதான்” என்றேன்.

அவர் டீ குடித்துவிட்டுப் போனார். வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. முதல் சனிக்கிழமை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அந்த வருடம் வேத வாசிப்பு முடிகிற ஞாயிறே திருவிருந்து ஞாயிறாக அமைந்தது.

வாசிப்புக்கு முந்தின வாரம் ஆலயத்தில் அட்டவணை ஒட்டினார்கள். எங்களுக்கு வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி. உத்தேசமாக லேவியராகமம் பதினெட்டு முதல் இருபத்துமூன்று வரை வரும் என்று போட்டிருந்தது. முன்கூட்டியே ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று கடையில் உட்கார்ந்து வாசித்தேன்.

பத்தொன்பதாம் அதிகாரத்தில் திராட்சை பறிக்கிறவன் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போகாமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவைக்க வேண்டும் என்று இருக்கிறது. செவிடனைத் திட்டாதே, குருடன் நடக்கிற வழியில் தடுக்கிவிடுகிற எதையும் வைக்காதே என்றும் இருக்கிறது. இரண்டு அதிகாரம் தள்ளினால் ஆசாரியன் வீட்டில் பிறந்தவன் குருடனானாலும் நொண்டியானாலும் கூனனானாலும் பலிபீடத்தின் பக்கம் வரக்கூடாது, வந்தால் பரிசுத்தம் கெட்டுவிடும் என்று இருக்கிறது.

இதை நான் பல வருடம் கேட்டிருக்கிறேன். என் காதில் விழுந்ததோடு சரி. அன்றைக்குத்தான் நொண்டி என்கிற சொல்லின் மேல் கண் நின்றது. தைக்கிற சணல் நூலில் ஒரு துண்டை அந்தப் பக்கத்தில் வைத்து மூடினேன்.

சாயங்காலம் செயலர் கடைக்குப் போய், நேரத்தை மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன்.

“அண்ணே, இதோட நீங்க ஒம்பதாவது ஆளு. எல்லாருக்கும் சங்கீதமும் சுவிசேஷமும்தான் வேணுமாம். குஷ்டமும் கொப்புளமும் யாருக்கும் வேணாம். நாளாகமத்துல வெறும் பேரா வருதே, அங்கன ஒரு இடம் காலியா இருக்கு. தரட்டுமா?”

அது விடியற்காலை மூன்று மணி. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

போதகரிடமும் கேட்டேன். வாலிபர். பொறுமையாகச் சொன்னார். அந்தச் சட்டம் ஆசாரியர்களுக்கு மட்டும் உரியது, பழுதில்லாத பலியாக வரப்போகிற இயேசுவுக்கு அது முன்னாலேயே விழுந்த நிழல், அவர் வந்தபின் தேவாலயத்துக்குள்ளேயே குருடரும் சப்பாணிகளும் அவரிடம் போனார்கள், அவர் யாரையும் துரத்தவில்லை, சுகமாக்கினார் என்றார். சரியான பதில்தான். நான் ஒத்துக்கொண்டேன். ஆனால் திரும்பி வருகிற வழியில் ஒன்று தோன்றியது. அந்தக் காலத்தில் ஆசாரியர்களான ஆரோன் வம்சத்தில் காலில்லாமல் பிறந்த ஒரு பையனுக்கு இந்த விளக்கத்தை யார் சொல்லியிருப்பார்கள்? கூடப் பிறந்தவர்கள் எல்லாம் பீடத்துக்குப் போக, அவன் வெளியே உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அது நிழல் இல்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். இருபத்தொன்று வரை நானே வேகமாக வாசித்துவிட்டு, மீதியை அவளிடம் கொடுப்பது. கேட்கத்தான் செய்வாள். ஆனால் அவள் வாயால் வாசிக்க வேண்டாம்.

வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு ஸ்கூட்டரில் போய் இறங்கினோம். வெளியே செருப்பைக் கழற்றும்போதே அவள் சொன்னாள்.

“இருவத்தொண்ணு நான் வாசிக்கிறேன்.”

“அதை நான் பாத்துக்கிறேன். நீ இருவத்திரண்டுல இருந்து எடு.”

“ஏன்? அதுல நொண்டின்னு வருதேன்னா?”

நான் செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

“ஒரு வாரமா அந்தப் பக்கத்துல சாக்கு நூலை வச்சிக்கிட்டு அலையிறீக. வீட்டுல வேதம் தூசி தட்டுறவ எனக்குத் தெரியாதா? பதிமூணு வயசுல ஹாஸ்டல்ல இருக்கையிலயே அதை வாசிச்சவ நான். எனக்கு மறைச்சு வச்சு என்னத்தக் காணப்போறீக?”

“இல்ல, உனக்குச் சங்கடமா…”

“செயலரு கடைக்கு வந்ததும் தெரியும். அவரு வீட்டுல ஞாயித்துக்கிழமையே எங்கிட்டச் சொல்லிட்டாக. நீங்க என்ன சொன்னீக?”

“சரின்னேன்.”

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

எங்களுக்கு முன்னால் வாசித்த குடும்பம் பதினேழாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் இருந்தது. நான் பதினெட்டு, பத்தொன்பது, இருபது வாசித்தேன். இருபதில் வரிசையாகச் சாவு. தகப்பனைச் சபித்தால் சாவு, இன்னது செய்தால் சாவு, இன்னது செய்தால் கல்லெறி. என் குரல் எனக்கே நன்றாக இல்லை. பெஞ்சுகளில் ஆறேழு பேர். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் எடுத்தாள். எல்லா அதிகாரத்தையும் வாசிக்கிற குரலிலேயே வாசித்தாள். நொண்டி என்கிற இடத்தில் நிற்கவுமில்லை, விரைவாகத் தாண்டவுமில்லை. நான்தான் தரையைப் பார்த்தேன். இரண்டரைக்கு அடுத்த குடும்பம் வந்தது.

வெளியே வந்து தண்ணீர் குடித்தோம். நான்தான் ஆரம்பித்தேன்.

“உனக்கு அது கொடுமையாத் தெரியலையா?”

“கொடுமைதான்.”

“அப்புறம் எப்படி…”

“பதிமூணு வயசுல வாசிச்சிட்டுப் புத்தகத்தை ட்ரங்குப் பெட்டியில போட்டுப் பூட்டிட்டேன். ஒரு மாசம் ஜெபிக்கல. பிறகு எடுத்து விட்ட இடத்துல இருந்து வாசிச்சேன். உள்ள வராதன்னு சொன்னவரு, அடுத்தாப்புல அவனுக்கு அப்பத்துல பங்கு உண்டுன்னு சொல்லியிருக்காரு. பரிசுத்தமானதுல மட்டுமில்ல, மகா பரிசுத்தமானதுலயும். வேலை செய்யிறவனுக்கு என்ன பங்கோ, அதே பங்கு. பட்டினி போடல. அவமானப்படுத்தவும் சொல்லல.”

“அப்ப சரியாப் போச்சா?”

“எப்பிடிச் சரியாகும்? அதுக்காக முந்தின வசனம் இனிச்சிருமா? ரெண்டையும் வச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆண்டவர் அன்பானவருன்னு எனக்கு நிச்சயம். அந்த வசனத்தை மட்டும் அங்கன போயி அவருகிட்டயே கேட்டுக்கிடுவேன்.”

கொஞ்ச நேரம் கழித்து ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

“ஆனா ஒண்ணு. அவரு வராதன்னா வராதன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. எனக்குத் தெரியாம சாக்குக் கடையில வச்சுப் பேசி முடிக்கல.”

பஜார் வரும் வரை நான் வண்டியைத்தான் ஓட்டினேன்.

வெள்ளிக்கிழமை அவள் துணியைக் கஞ்சியில் முக்கிக் காயப்போட்டாள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு இஸ்திரி போட்ட துணியை வெள்ளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, “ஆலயத்துக்கு விடுங்க” என்றாள். வாசலில் இறங்கியதும் இன்னொன்று சொன்னாள்: “நீங்க பெஞ்சுலயே இருங்க. பிடிக்க வராதீக.”

உள்ளே ரிட்டயர்டான பஸ் கண்டக்டர் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். நிறுத்தத்தின் பெயரைக் கூவுகிற தொண்டை அவருக்கு. முன் பெஞ்சில் செயலர். இவள் துணியோடு நடுவழியில் போவதைப் பார்த்ததும் எழுந்தார். வாய் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். பேசக் கூடாது என்ற விதியை அட்டவணையில் சிவப்பு மையில் எழுதியதே அவர்தான். கையைக் கையை ஆட்டிக் காட்டினார். இவள் அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி வணங்குகிற மாதிரித் தலையசைத்துவிட்டு முதல் படியில் கால் வைத்தாள்.

துணி வலது கக்கத்தில். இடது கை முழங்காலில். முதல் இரண்டு படி பிரச்சினை இல்லை. மூன்றாவதில் நின்றாள். பிடிக்க ஒன்றும் இல்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து, வலது உள்ளங்கையை மேல் படியில் ஊன்றி ஏறினாள். கண்டக்டர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வாசித்தார். ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தார். ஆனால் நிறுத்தவில்லை. அவள் பழைய துணியை எடுத்து மடித்தாள், புதியதை விரித்தாள், நான்கு மூலையும் இழுத்துவிட்டாள், சுருக்கத்தைக் கையால் நீவினாள். இறங்கும்போது படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள்.

அந்த நேரத்தில் எந்த வசனம் ஓடியது என்று பிறகு சிலர் கேட்டார்கள். பொருத்தமான ஒன்றைச் சொல்ல ஆசைதான். சகரியாவோ மல்கியாவோ, எனக்குக் கவனம் இல்லை. நான் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் செயலருக்குப் பேச்சு வந்தது.

“என்னக்கா இது! விழுந்திருந்தா?”

“விழுந்திருந்தா பழி உங்க மேல தம்பி. மாடி கட்டுறவன் சுத்திக் கைப்பிடிச் சுவர் வையி, ஒருத்தன் விழுந்தா ரத்தப்பழி உன் வீட்டு மேலன்னு மோசே சொல்லியிருக்காரே. உபாகமம். வியாழக்கிழமை ராத்திரி வாசிச்சாகளே, நீங்க பரோட்டா திங்கப் போயிட்டீகளாக்கும்?”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

“ஊரு பூராம் பைப்பு விக்கிறீக. அஞ்சு படிக்கு ஒரு பைப்பு இல்ல.”

வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது. அதே பக்கத்தில் தாய்ப் பறவையை விட்டுவிடச் சொல்கிற இரக்கம் இருந்தது. கொஞ்சம் கீழே, ஒரு பெண்ணைத் தகப்பன் வீட்டு வாசலில் வைத்துக் கல்லெறியச் சொல்வதும் இருந்தது. இரண்டையும் சொன்னவர் ஒருவரே. அவரிடம்தான் நான் காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறேன். எனக்கு இது தீரவில்லை. தீர்ந்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன். அந்தக் காலத்து ஆட்களின் மனக் கடினத்தைப் பார்த்துச் சில சட்டம் கொடுக்கப்பட்டது என்று இயேசுவே ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார். கடினம் அவர்களோடு போய்விட்டது என்று முன்பு நினைத்திருந்தேன். சரிதான் என்று நான் கடையில் சொன்னபோது எனக்கு அதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று சாப்பிடும்போது, “உங்கிட்டக் கேக்காமச் சொன்னது தப்பு” என்றேன்.

“ரசம் ஊத்தட்டுமா?” என்றாள். ஊற்றினாள்.

துணி வேலை அவளிடமே இருக்கிறது. அடுத்த மாதம் செயலர் தன் கடைப் பைப்பிலேயே ஒரு கைப்பிடி அடித்து வைத்தார். காசு வாங்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம் வேண்டும் என்று அவளிடம் கேட்கவில்லை. பீடத்தைப் பார்த்து நின்றால் இடது பக்கம் வைத்துவிட்டார். அவளுக்கு இடது கை முழங்காலுக்கு வேண்டும். ஏறும்போது அந்தப் பைப்பு உதவாது. திரும்பி இறங்கும்போதுதான் வலது கைக்கு வரும்.

“வலது பக்கமும் ஒண்ணு அடிக்கச் சொல்லட்டுமா?” என்று இந்தத் தடவை அவளிடமே கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள்.

“சொல்லுங்க” என்றாள். “நான் கேட்டேன்னே சொல்லுங்க.”