அரிசித் தட்டின் முன் தனியாக ஒரு பிள்ளை

2004ஆம் ஆண்டு விஜயதசமியை ஒட்டிய சனிக்கிழமை. நியூ ஜெர்சியில், எடிசன் அருகே வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில், பிள்ளைகளுக்கு முதலெழுத்து எழுதுவிக்கும் ஏடு தொடக்கல் விழா. யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்து இங்கு வந்த நான்தான் அப்போது பள்ளியின் தலைவர்.

அந்த வருடம் ஐந்து வயது மகளோடு ஒரு தாய் புதிதாகச் சேர்ந்திருந்தார். அவருடைய அகதி விண்ணப்பத்துக்காக வழக்கறிஞரிடம் மொழிபெயர்த்தவர் என் மனைவி. அங்கே கேட்டதில் ஒரு சொல்லைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. நானும் கேட்டதில்லை. சேர்க்கைப் படிவத்தில் தகப்பன் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. எங்கள் ஊரில் அதை வெறுமையாக விடுபவர்கள் பெரும்பாலும் கணவன் காணாமற் போனவர்கள். இறந்துவிட்டார் என்று எழுத அவர்களுக்குக் கை வராது. இவரும் அப்படித்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

தகப்பன் பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்பது எங்கள் வழக்கம். மேடையில் ஏழு தட்டுகள். ஆறு தகப்பன்மார். ஏழாவது தட்டின் முன் அந்தச் சிறுமி தனியாக இருந்தாள். அந்தத் தனிமைக்கு மரியாதை செய்வதாக நினைத்து நான் ஒலிவாங்கியை எடுத்தேன்.

"இந்தப் பிள்ளையின்ரை தகப்பன் இண்டைக்கு எங்களோடை இல்லை. அவரை நினைச்சு எல்லாரும் ஒரு நிமிசம் எழும்பி நிப்பம். தங்கச்சி, அவரின்ரை பேரைச் சொல்லுங்கோ."

மண்டபமே எழுந்து நின்றது. அந்தத் தாய் மேடைக்கு வந்தார். அழவில்லை.

"எல்லாரையும் இருக்கச் சொல்லுங்கோ, சேர். ஆமியின்ரை செக்பொயின்ற்றிலை எனக்கு நடந்த அநியாயத்துக்குப் பிறகு பிறந்தவள் இவள். இவளுக்கு நான் மட்டுந்தான். அவனுக்காக ஒருத்தரும் எழும்ப வேண்டாம்."

தாழ்ந்த குரல்தான். முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது.

ஒவ்வொருவராக அமர்ந்தார்கள். சிறுமி அரிசியில் விரலை வைத்தபடி காத்திருந்தாள். என் மடியில் இருத்தியிருக்கலாம். நான் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றேன். முழங்கால் வலியோடு மேடையேறி, சம்மணமிட்டு அமர்ந்து, "வா குஞ்சு" என்று அவளை மடியில் எடுத்துக்கொண்டவர் என் மனைவி.

"ஆன்ட்டி, இது சரியோ?"

"அச்சாப் பிள்ளை. இன்னும் கொஞ்சம் சுழிச்சு விடு."

அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடியது. உறுப்பினர்களில் இளையவர் ஒருவர் தொடங்கினார்: "அங்கிள், உதவி செய்ய மாட்டம் எண்டு ஆரும் சொல்லேல்லை. உடுப்பு, சாமான் எல்லாம் குடுப்பம். ஆனா எங்கடை பிள்ளையள் கேள்வி கேட்டால் என்ன சொல்லுறது?"

போரில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கென்று பெட்டி பெட்டியாக உடுப்புச் சேர்த்து ஊருக்கு அனுப்பியவர்கள்தான் அவர்கள். நான் மறுத்துப் பேசவில்லை. 'பிள்ளையின் தரத்துக்கேற்ற வகுப்பு தற்போது இல்லை' என்று அந்தத் தாய்க்கு அனுப்பிய கடிதத்தை நானே எழுதினேன். மனைவி அதை வாசித்தார்.

"நல்ல தமிழ்" என்றார்.

அதன்பின் சனிக்கிழமைகளில் நான் பள்ளிக்குப் புறப்பட, அவர் மற்றக் காரை எடுத்துக்கொண்டு ஜெர்சி சிட்டியில் இருந்த அந்தத் தாயின் வீட்டுக்குப் போவார். நான்கு ஆண்டுகள். நான் ஒருநாளும் கூடப் போகவில்லை.

2008இல் புற்றுநோய் என் மனைவியைக் கொண்டுபோனது. இறுதிச் சடங்கில் வைத்திருந்த பதிவேட்டைச் சில வாரங்கள் கழித்தே என்னால் திறக்க முடிந்தது. பெரும்பாலும் ஆங்கிலக் கையொப்பங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் தமிழில், பெரிய எழுத்துகளில்: 'ஆன்ட்டி எனக்கு எழுதப் பழக்கினவா.' கீழே அந்தச் சிறுமியின் பெயர். பெயருக்கு முன்னால், தகப்பனுக்கென்று நாங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் இடத்தில், தாயின் முதலெழுத்து. எழுத்துகளைச் சுழித்திருந்த விதம் அப்படியே என் மனைவியுடையது.

என் கடிதத்தின் நகலை இப்போது அந்தப் பக்கத்துக்குள்தான் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பிழையும் இல்லை. இவ்வளவு படித்தும் என்னால் ஆனது அந்தப் பிழையில்லாத கடிதம் மட்டுமே என்பதை ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை எடுத்து வாசிக்கும்போது உணர்கிறேன்.